கட்டை மாடும் கடிதக் கட்டும்

சென்ற இதழில் நாட்டு மாட்டைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். இந்த வாரம் தபால்காரர் என் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பால் கணக்குக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். இறைச்சி, உருவம், பரம்பரை பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இம்முறை பதில்.

கே: என் நாட்டுப் பசுவைப் பார்த்து, "சேர், உங்கட ஆட்டுக்குக் கொம்பு கொஞ்சம் நீண்டுவிட்டதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார். அவரிடம் பிரீசியன் இருக்கிறது. நான் என்ன சொல்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கம்பளை

ப: அடைமழை மாதத்தில் அவருடைய பிரீசியன் உங்கள் வீட்டு வழுக்குப் படியில் ஏறிக் காட்டட்டும். பிறகு பேசிக்கொள்ளலாம். அதுவரை சிரித்துவையுங்கள்.

கே: சின்ன உருவ மாடு என்று எதைச் சொல்கிறீர்கள்? என்னுடையதும் விலா எலும்பு தெரிய ஒடுங்கித்தான் நிற்கிறது.
— கடுகண்ணாவ வாசகர்

ப: அது சின்ன மாடல்ல, பசித்த மாடு. முதலில் புல் போடுங்கள்.

உருவம் என்பது எலும்புக்கூட்டின் அளவு. சதை ஏறும், இறங்கும். வளர்ந்து முடிந்த எலும்பு இறங்காது. அதனால்தான் அமெரிக்க இறைச்சி மாட்டுக்காரர்கள் மாட்டின் வயதையும் இடுப்பெலும்பின் உயரத்தையும் சேர்த்துப் பார்த்து உருவப் புள்ளி போடுகிறார்கள். கொழுத்ததா இளைத்ததா என்பது வேறு கணக்கு. அதற்கு வேறு புள்ளி.

தையற்காரர் நாடா ஒன்று இருந்தால் நீங்களும் கணக்குப் போடலாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். தோள்மூட்டு முனையிலிருந்து இடுப்பெலும்பின் பின்முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். நெஞ்சு 135, நீளம் 115 உள்ள பசு 193 கிலோ. நம் நாட்டுப் பசுக்கள் பெரும்பாலும் இந்த 200 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். வியாபாரி கண்ணாலேயே எடை சொல்வார், உண்மைதான். ஆனால் வாங்கும்போது ஒரு கண், விற்கும்போது மற்றக் கண்.

கே: பேராதனையில் படிக்கும் என் மகள் "எல்லாம் மரபணு அப்பா" என்கிறாள். என் தகப்பனார் "எல்லாம் புல்லுடா" என்பார். நாட்டு மாட்டின் குட்டை உருவம் இரத்தத்தில் உள்ளதா, புல்லில் உள்ளதா?
— தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, புசல்லாவ

ப: மூன்று தலைமுறை ஒரே வீட்டில் சண்டை போட ஏற்ற கேள்விதான். இருவருக்கும் பாதிப் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டு, இருவரும் சொல்லாத மூன்றாவதையும் சொல்கிறேன்.

மாடு சின்னதாக இருக்க மூன்று வழி உண்டு. ஒன்று, பட்டினி. கன்றுப் பருவத்தில் பாலும் புல்லும் குறைந்தால் எந்த இனமும் குறுகும். ஆனால் அந்தக் குறுகல் கன்றுக்குச் சொத்தாக எழுதப்படுவதில்லை. அடுத்த தலைமுறைக்கு நன்றாகப் போட்டால் அதன் அளவுக்கு எழும்பிவிடும். தாத்தா சொன்ன புல் இதுதான்.

இரண்டு, ஆயிரம் துளி சேர்ந்த குளம் மாதிரியான சின்ன உருவம். மாட்டின் உயரத்தை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. 2018 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 17 மாட்டுக் கூட்டங்களைச் சேர்ந்த 58,265 மாடுகளின் மரபைப் பார்த்தார்கள். உயரத்தோடு தொடர்புள்ள 163 இடங்கள் கிடைத்தன. அத்தனையையும் சேர்த்தாலும் உயர வேறுபாட்டில் ஆகக்கூடியது 13.8 சதவீதத்துக்குத்தான் கணக்குச் சொல்ல முடிந்தது. மிச்சம் இன்னும் சிறிய துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. நம் நாட்டு மாடு இந்த வகை. மலையும் மேய்ச்சலும் உண்ணியும் வறட்சியும் தலைமுறை தலைமுறையாகச் சலித்தெடுத்த உருவம். எவ்வளவு புல் போட்டாலும் கொஞ்சம் வளரும், ஆனால் பிரீசியன் ஆகாது. மகள் சொன்ன மரபணு இதுதான்.

இந்த இரண்டாவது வகையை மனிதன் கையாலும் செய்யலாம் என்று அவுஸ்திரேலியாவில் காட்டினார்கள். நியூ சவுத் வேல்ஸில் திராங்கி என்ற ஆராய்ச்சி நிலையத்தில் 1974 இல் ஒரே அங்கஸ் மந்தையைப் பிரித்தார்கள். வேகமாக வளர்பவை ஒரு பக்கம், மெதுவாக வளர்பவை ஒரு பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம். ஒவ்வொரு பக்கமும் தனக்குள்ளேயே இனம் பெருக்கியது. பதினைந்து ஆண்டு கழிய, மெதுவாக வளர்ந்த கூட்டம் வேகமாக வளர்ந்த கூட்டத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் சிறியதாகிவிட்டது. காலும் உடலும் தலையும் ஒரே அளவில் குறுகின. அதாவது பெரிய மாட்டைத் தூரத்தில் நிறுத்திப் பார்த்த மாதிரி. ஆய்வு முடிந்து மந்தையை விற்றபோது வாங்கியவர்கள் அதற்கு லோலைன் என்று பெயர் வைத்துத் தனி இனமாக்கினார்கள். ஆராய்ச்சிக்காரர் எதிர்பாராத பிள்ளை.

மூன்றாவது வழியை அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறேன். அது கொஞ்சம் பயங்கரம்.

கே: முழங்கால் உயர மாடுகளைத் தொலைபேசியில் காட்டி "மினி மாடு, பரம்பரையாகக் குட்டையாகவே போடும்" என்று ஒருவர் விற்கிறார். முற்பணம் கட்டலாமா?
— கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர்

ப: முற்பணம் கட்டுவதற்கு முன்னால் காலைப் பாருங்கள். விற்பவரின் காலை அல்ல, மாட்டின் காலை.

உடல் சாதாரண அளவில் இருந்து கால் மட்டும் கட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே மிச்சம் வைத்த மூன்றாவது வழி இதுதான். அயர்லாந்தின் தென்மேற்கில் தோன்றிய டெக்ஸ்டர் இனத்தில் இந்தக் கதை நன்றாகத் தெரியும். குருத்தெலும்பைக் கட்டும் அக்ரிகன் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு பழுது. பழுதான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் கட்டைக் கால், அகன்ற நெஞ்சு, அழகு. ஆளும் மாடும் சந்தோஷம். இரண்டு பிரதியும் பழுதானால் கன்று உயிரோடு பிறக்காது. பெரும்பாலும் மாதம் நிறையுமுன்பே விழுந்துவிடும். தட்டை முகம், வீங்கிய நெற்றி, விரல் நீளக் கால். ஆங்கிலேயர் அதை புல்டோக் கன்று என்றார்கள். பார்த்தவர் இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

கணக்கு இலகு. கட்டைக் கால் காளையைக் கட்டைக் கால் பசுவோடு சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒன்று இறந்த கன்று, இரண்டு கட்டைக் கால், ஒன்று சாதாரண நீளக் கால். "பரம்பரையாகக் குட்டையாகவே போடும்" என்று இந்த வகையில் சத்தியம் பண்ண யாராலும் முடியாது. கட்டையைச் சாதாரணத்தோடு சேர்த்தால் இறப்பு இல்லை. பாதி கட்டை, பாதி நெட்டை. 2007 இல் அந்தப் பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது வால் மயிரின் வேர் போதும், பரிசோதித்துச் சொல்வார்கள்.

இதே கூத்து அமெரிக்காவிலும் நடந்தது. கட்டையாய்க் கொழுகொழுவென்று இருந்த ஹெர்போர்ட் காளைகளுக்குக் கண்காட்சியில் பரிசு கொடுத்துக் கொடுத்து, மறைந்திருந்த குள்ள மரபணுவையும் சேர்த்தே பரப்பினார்கள். 1950 களில் மூச்சிரைக்கும் குள்ளக் கன்றுகள் கொட்டிலெங்கும் பிறந்தபோதுதான் விழித்தார்கள். பரிசுக் கோப்பை வாங்கியவர் ஒருவர், கன்றைப் புதைத்தவர் இன்னொருவர்.

எல்லாக் குட்டை மாடும் இப்படியல்ல. கேரளத்து வெச்சூர் மாடு ஏறக்குறைய மூன்றடி உயரம். ஆனால் உடலும் காலும் அளவாக இருக்கும். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் 1989 இல் ஊரூராகத் தேடி எஞ்சியவற்றைச் சேர்த்திராவிட்டால் அது இன்று புகைப்படத்தில்தான் இருந்திருக்கும். 2022 இல் அவருக்குப் பத்மஶ்ரீ கொடுத்தார்கள். ஆந்திரத்துப் புங்கனூரும் அதுபோல அளவான குட்டை. ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் வெளிநாட்டு மாட்டைக் கொண்டுவர கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்தத் திணைக்களம் உங்களுக்குப் பக்கத்தில்தான், கெட்டம்பேயில் இருக்கிறது. விற்பவரை அங்கே ஒரு தேநீர் குடிக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். வந்தால் முற்பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கே: கறுப்பு மாட்டு இறைச்சிதான் ருசி என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா?
— புது மாப்பிள்ளை, மடவளை

ப: தோலை உரித்த பிறகு எல்லா மாடும் ஒரே நிறம். இதை மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

கே: முப்பது வருடமாக இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். சின்ன மாட்டை அறுத்தால் எலும்பும் தோலும்தான் மிச்சம். நீங்களோ புகழ்ந்து தள்ளுகிறீர்கள். கத்தி பிடிக்காதவர் கணக்குப் பேசலாமா?
— அக்குறணை

ப: நானா, பேசலாம். ஆனால் தராசில் நீங்கள் சொன்னதுதான் சரி என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 200 கிலோ நாட்டு மாட்டை அறுத்துத் தோலும் குடலும் தலையும் காலும் நீக்கினால் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். எலும்பையும் கழித்தால் அறுபது எழுபது கிலோ இறைச்சி. 400 கிலோ மாட்டில் இதைப்போல் இரண்டு மடங்கு. கத்தி தீட்டும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

உங்கள் பக்கத்துக்கு இன்னொரு சாட்சியும் தருகிறேன், நானே என் கட்சிக்கு எதிராக. "ஒரு பெரிய மாட்டுக்குப் பதில் இரண்டு சின்ன மாடு, அதே தீனி" என்று சிலர் பிரசங்கம் பண்ணுகிறார்கள். அது தவறு. உடம்பு இரட்டித்தால் சும்மா நிற்கத் தேவையான தீனி இரட்டிப்பதில்லை. எடையின் முக்கால் அடுக்குப்படிதான் ஏறும் என்று 1932 இல் மேக்ஸ் கிளைபர் என்பவர் காட்டினார். அந்தக் கணக்கில் 400 கிலோ மாட்டுக்கு 89 பங்கு என்றால், 200 கிலோ மாடு ஒன்றுக்கு 53. இரண்டுக்கு 106. ஆக, இரண்டு சின்ன மாடு ஒரு பெரிய மாட்டைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூடுதலாகத்தான் தின்னும்.

பிறகு ஏன் புகழ்கிறேன்? உங்கள் கணக்கு கடையில் தொடங்குகிறது, வளர்ப்பவரின் கணக்கு சரிவில் தொடங்குகிறது. 200 கிலோ பசு நாளைக்கு இருபத்தைந்து முப்பது கிலோ பச்சைப் புல் தின்னும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண் தலையில் ஒரே கட்டாகக் கொண்டுவரக்கூடிய சுமை அது. 400 கிலோவுக்கு இரண்டு கட்டு. இரண்டாம் நடைக்கு இருட்டிவிடும். புல் பத்தாத மாதத்தில் சின்ன மாடு இளைக்கும், ஆனால் சினை பிடிக்கும். பெரிய மாடு பாதிப் பசியில் பருவத்துக்கே வராது. வருடத்துக்கு ஒரு கன்று போடாத மாட்டுக்கு எத்தனை கிலோ எடை இருந்தால் என்ன? ஒன்று செத்தாலும் இன்னொன்று கொட்டிலில் நிற்கும் என்பதும் ஏழைக்கு ஒரு காப்புறுதி.

இன்னொன்று. இலங்கையில் இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டினம் பெரிதாக இல்லை. பால் வற்றியதும், வண்டி இழுத்துக் களைத்ததும், பட்டியில் மிஞ்சிய நாம்பனும்தான் உங்கள் கடைக்கு வருகின்றன. கிழமாட்டை அறுத்துவிட்டு சின்ன மாட்டின் இறைச்சி முறுக்கு என்று பழி போடக்கூடாது. முறுக்கு வயதில், உருவத்தில் அல்ல. வறுத்த தூள் போட்டு விறகடுப்பில் இரண்டு மணி நேரம் விட்டால் எல்லாம் சரணடையும்.

கே: ராஜா காலத்தில் கண்டிக்கு மாட்டில்தான் சாமான் வந்ததாமே? இந்தச் சின்ன மாடா சுமந்தது?
— பாடசாலை மாணவன், குண்டசாலை

ப: இதேதான் தம்பி. தவளம் என்று பெயர். முதுகில் இரண்டு பக்கமும் பொதி தொங்க, வரிசையாகப் போகும் மாட்டுக் கூட்டம். மேலே உப்பும் கருவாடும் ஏறும். கீழே பாக்கு இறங்கும். கண்டி அரசில் இதற்கென்றே மடிகே என்ற தனிப் பிரிவு இருந்தது. அதில் பெரும்பங்கு முஸ்லிம்களுடையது. உன் வகுப்பில் இருக்கும் யாராவது ஒருவரின் பாட்டனாரின் பாட்டனார் அந்த மாட்டுக்குப் பின்னால் நடந்திருப்பார்.

வேண்டுமென்றே பாதையை ஒடுக்கமாக வைத்திருந்தது கண்டி. படை வந்தால் ஒற்றை வரிசையில்தான் ஏற முடியும். அந்த ஒற்றையடிப் பாதையில் அகன்ற மாடு திரும்பவே முடியாது. குளம்பு சிறுத்த, எடை குறைந்த, பாதி வயிற்றோடு நடக்கும் மாடுதான் ஏறும். 1820 களில் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்து தெருப் போட்டார்கள், வண்டி வந்தது. 1867 இல் ரயில் வந்தது. மாட்டுக்கு வேலை போனது. உருவம் மட்டும் போகவில்லை.

1660 இலிருந்து 1679 வரை கண்டி அரசில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், மாட்டிறைச்சி தின்பவனை அன்றைய ஊரார் இழிவாகப் பார்த்ததை எழுதியிருக்கிறார். எனவே உன் ஊர் மாடு முதலில் சுமைக்கும் ஏருக்கும். சட்டிக்குக் கடைசியாகத்தான்.

கே: என்னிடம் ஒரு நாட்டு நாகு இருக்கிறது. இனித்தான் முதல் சினை. நல்ல பெரிய இனக் காளையின் விந்து போட்டால் ஒரே அடியில் பெரிய கன்று கிடைக்குமென்று சொல்கிறார்கள். போடலாமா?
— இரண்டு பிள்ளைகளின் தாய், திகண

ப: அக்கா, தயவுசெய்து வேண்டாம்.

தெல்தெனியப் பக்கம் ஒரு கொட்டிலில் இரவு பதினொரு மணிக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதே மாதிரி முதற்சினை நாகு. ஊசி போட வந்தவரின் நைதரசன் கலனில் அன்று என்ன இருந்ததோ அதைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே நின்றன. அந்தக் குளம்பு தாயின் குளம்பளவு. தேங்காயெண்ணெய் பூசிய கைகள், நைலோன் கயிறு, மூன்று ஆண்கள். நாகு கத்தவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தது. வைத்தியர் வந்து கன்றை எடுத்தார், உயிரில்லை. தாய் மூன்றாம் நாள்தான் எழுந்து நின்றது. வீட்டுக்காரம்மா அந்த மூன்று நாளும் அதன் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்.

பிரீசியன் கன்று பிறக்கும்போதே 40 கிலோவை எட்டும். 200 கிலோ தாயின் இடுப்பெலும்புக்கு அது தெரியாது. கன்றின் அளவுக்குத் தகப்பன் பாதிப் பொறுப்பு. வழியின் அளவுக்கோ தாய் மட்டும்தான் பொறுப்பு. முதல் சினைக்கு நாட்டுக் காளை, அல்லது மிஞ்சினால் ஜேர்சி. ஜேர்சியும் சின்ன உருவம், கன்றும் சின்னது. இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு சாஹிவால் யோசிக்கலாம். அதுவும் நம் மாட்டைப் போலத் திமில் உள்ள சாதி, உண்ணிக்கும் வெயிலுக்கும் தாங்கும்.

ஊசி போட வருபவரிடம் காளையின் இனத்தையும் இலக்கத்தையும் கேளுங்கள். விந்து அடைத்த ஸ்ட்ரோவிலேயே அச்சடித்திருக்கும். கேட்க வெட்கப்படாதீர்கள். செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையம் இருக்கும் குண்டசாலை உங்களுக்கு அடுத்த ஊர். புடவை வாங்கும்போது சாயம் போகுமா என்று மூன்று தரம் கேட்கிறோம் அல்லவா?

இன்னொரு எச்சரிக்கை, இது ஆசைக்காரர்களுக்கு. நாட்டுப் பசுவுக்கும் ஜேர்சிக்கும் பிறக்கும் முதல் கலப்பு பிரமாதமாக இருக்கும். தூரத்து உறவு கலந்த வீரியம் அது. அந்தக் கலப்பையே காளையாக வைத்துக் கலப்புப் பசுவோடு சேர்த்தால், அடுத்த தலைமுறையில் அந்த வீரியத்தில் பாதி போய்விடும். அதோடு ஒன்று தாய் மாதிரி, ஒன்று தகப்பன் மாதிரி, ஒன்று யார் மாதிரியும் இல்லாமல் பிறக்கும். "முதல் மாடு நல்லாயிருந்திச்சு, பிறகு ராசியில்ல" என்று சொல்பவர்களின் ராசி இதுதான்.

கே: சின்னதாகவும் இருக்கவேண்டும், இறைச்சியும் பிதுங்கவேண்டும். அப்படி இனம் இல்லையா?
— பேராசைக்காரர் என்று தாமே கையெழுத்திட்டவர், நாவலப்பிட்டி

ப: பிதுங்கும் இனம் உண்டு: பெல்ஜிய நீலம். தசையை "போதும்" என்று நிறுத்தும் மரபணு அதில் பழுது. தசை நிற்காமல் வளரும். கன்று ஈனுவதென்றால் பெரும்பாலும் வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும். சின்னது என்ற உங்கள் முதல் நிபந்தனை அங்கே தோற்றுவிட்டது. சத்திரசிகிச்சைச் செலவைப் பார்த்தால் பேராசையும் தோற்றுவிடும்.

கே: ஹஜ்ஜுப் பெருநாள் உழ்ஹிய்யாவுக்கு ஏழு பேர் சேர்ந்து நாட்டு நாம்பன் ஒன்று வாங்கினோம். "இவ்வளவு சின்னதில் ஏழு பங்கா?" என்று மச்சான் சிரிக்கிறார். பங்கு செல்லுமா?
— கலகெதர

ப: மார்க்க விடயத்துக்கு உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள், நான் பத்திரிகைக்காரன். எனக்குத் தெரிந்தது: மாட்டில் ஏழு பேர் சேரலாம் என்பதற்கு எடை நிபந்தனை கிடையாது. இரண்டு வயது நிறைந்திருக்கவேண்டும். நொண்டி, குருடு, நோய், எலும்பும் தோலுமாக மெலிந்தது கூடாது. கவனித்தீர்களா, மெலிவுதான் குறை, சிறுமை குறையல்ல. கடுகண்ணாவ வாசகருக்கு மேலே நான் அரைப் பக்கத்தில் சொன்னதை மார்க்க அறிஞர்கள் பலநூறு வருடம் முந்தியே பிரித்து வைத்துவிட்டார்கள். மச்சானின் பங்கில் ஈரலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், சிரிப்பு நிற்கும்.

கே: மாடறுப்பையே தடைசெய்வதாகச் சொன்னார்களே, பிறகு எதற்கு இறைச்சி மாட்டு இனம் பற்றிய பேச்சு?
— பேராதனை

ப: 2020 செப்டெம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. அன்று முதல் கேட்டுக்கொண்டிருக்கும் என் கேள்வி ஒன்றுதான்: பால் பட்டியில் பிறக்கும் இரண்டு கன்றில் ஒன்று நாம்பன். அதற்கு யார் புல் போடுவது? அறுக்கவேண்டாம் என்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. அவர்கள் வீட்டு முகவரிகள் கிடைத்தால் நாம்பன்களை அனுப்பிவைக்கலாம் என்றுதான்.

கே: எங்கள் வீட்டுக்குப் போகும் படி நாற்பத்திரண்டு. என் பிரீசியன் சென்ற வாரம் பத்தாவது படியில் முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டது; ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். பக்கத்து வீட்டு சேரிடம் ஒரு நாட்டுப் பசு இருக்கிறது. ஆடு மாதிரி ஏறுகிறது. அதன் அடுத்த கன்றைக் கேட்டால் தருவாரா?
— கம்பளை

ப: கேட்டுப் பாருங்கள். ஆட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.